முகலாயர் நகரங்களுக்கு ஒரு பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குளிர்காலச் சுற்றுலாவுக்கு முன்பதிவு தொடங்கும் நேரம் இது. டெல்லி, ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி ஆகிய ஊர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளைச் சேர்த்து இந்த இதழில் பதிலளிக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். காலை ஐந்து மணிக்கு டெல்லியில் புறப்பட்டு, தாஜ்மகால், ஆக்ரா கோட்டை, ஃபதேபூர் சிக்ரி மூன்றையும் பார்த்துவிட்டு இரவே டெல்லிக்குத் திரும்பலாம் என்று ஒரு பயண நிறுவனம் அட்டவணை தந்திருக்கிறது. இது சரிப்பட்டு வருமா? (திண்டுக்கல் வாசகர்)

சரிப்பட்டு வராது. டெல்லியிலிருந்து ஆக்ரா ஏறக்குறைய 230 கிலோமீட்டர். ஆக்ராவிலிருந்து ஃபதேபூர் சிக்ரி இன்னும் 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. யமுனை விரைவுச்சாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அன்றைய பொழுதில் பாதி வண்டிக்குள்ளேயே கழியும். மீதிப் பாதியில் நுழைவுச்சீட்டு வரிசை, சாப்பாடு, ஓட்டுநர் கட்டாயம் நிறுத்தும் சலவைக்கல் கடை ஆகியவை போக, ஒவ்வொரு இடத்திலும் படம் எடுக்க மட்டுமே நேரம் இருக்கும்.

ஐந்து நாள் ஒதுக்க முடியுமானால், கட்டடங்கள் எழுந்த கால வரிசையை ஏறக்குறைய ஒட்டியே பயணத்தை அமைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. முதல் நாள் டெல்லியில் ஹுமாயூன் கல்லறை. இரண்டாம் நாள் ஆக்ராவுக்குப் போகும் வழியில் சிக்கந்தராவில் அக்பரின் கல்லறை, பிற்பகலில் ஆக்ரா கோட்டை. மூன்றாம் நாள் முழுவதும் ஃபதேபூர் சிக்ரி. திரும்பி வந்தபின் பொழுது இருந்தால் நூர்ஜஹானின் தந்தை இதிமாத்-உத்-தௌலாவின் கல்லறை. நான்காம் நாள் விடியற்காலையில் தாஜ்மகால். அன்று மாலை டெல்லி. ஐந்தாம் நாள் செங்கோட்டையும் ஜமா மசூதியும். இந்த வரிசையில் பார்த்தால், செம்மணற்கல்லில் தொடங்கிய கட்டடக்கலை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வெண்சலவைக்கல்லுக்கு மாறியது என்பதை யாரும் விளக்காமலே உங்கள் கண் பிடித்துக்கொள்ளும். முதல் நாளே தாஜ்மகாலைப் பார்த்துவிட்டவர்களுக்கு மற்றவை எல்லாம் அதைவிடக் குறைந்தவையாகத் தோன்றிவிடுகின்றன. அது அந்தக் கட்டடங்களுக்குச் செய்யும் அநியாயம்.

கிழமையை மட்டும் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் மூடியிருக்கும். திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும். ஆகவே மேற்சொன்ன பயணத்தைச் செவ்வாயன்று தொடங்கினால் நான்காம் நாள் வெள்ளியில் விழும்; வியாழனன்று தொடங்கினால் ஐந்தாம் நாள் திங்களில் விழும். திங்களன்று தொடங்கினால் ஜமா மசூதிக்கு நீங்கள் போகும் நாள் வெள்ளியாக அமைந்து, நண்பகல் தொழுகை முடியும்வரை வெளியே காத்திருக்க நேரும். சனி அல்லது புதன் தொடங்குவதே வசதி.

எந்த மாதம் போகலாம்? (நாகர்கோவில் வாசகி)

அக்டோபர் பிற்பாதியிலிருந்து நவம்பர் வரை, அல்லது பிப்ரவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. பள்ளி விடுமுறைக்காக மே மாதம் போகிறவர்கள் 45 டிகிரி வெயிலுக்குத் தயாராக இருக்க வேண்டும். டிசம்பர் இறுதியும் ஜனவரியும் வேறு வகையில் சிரமம்: மூடுபனி காரணமாக ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், காலையில் தாஜ்மகால் வாசலைக் கடந்த பிறகும் எதிரே கட்டடம் இருக்கும் சுவடே தெரியாத நாள்கள் உண்டு.

ஹுமாயூன் கல்லறையைத் 'தாஜ்மகாலின் ஒத்திகை' என்கிறார்கள். அப்படியானால் அதை விட்டுவிட்டு நேரே தாஜ்மகாலுக்கே போய்விடலாமே? (சேலம் கல்லூரி மாணவர்)

ஒத்திகை என்ற சொல் அந்தக் கட்டடத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை. 1556-ஆம் ஆண்டு ஜனவரியில், டெல்லி பழைய கோட்டையிலிருந்த தம் நூலகத்தின் படிக்கட்டில் தவறி விழுந்து ஹுமாயூன் இறந்தார். அவருடைய மனைவி பேகா பேகம் 1560-களில் எழுப்பத் தொடங்கிய இந்தக் கல்லறை 1570-களின் தொடக்கத்தில் முடிந்தது. கட்டியவர் பாரசீக மரபில் வந்த மீராக் மிர்சா கியாத். கணவனுக்காக மனைவி எழுப்பிய இந்த நினைவிடம், மனைவிக்காகக் கணவன் எழுப்பிய தாஜ்மகாலுக்கு அறுபது ஆண்டு மூத்தது என்பதை வழிகாட்டிகள் பலர் சொல்வதே இல்லை.

அங்கே போனால் மூன்று செய்திகளைக் கவனித்துப் பாருங்கள். முதலாவது தோட்டம்: நீர் ஓடும் வாய்க்கால்களால் நான்காகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கால்பகுதியும் மேலும் சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, நடுவில் கட்டடம் நிற்கும். இரண்டாவது கவிகை மாடம்: வெளியே தெரியும் வெள்ளைக் கவிகை ஒன்று, அதற்குக் கீழே உள்ளறையின் கூரையாக மற்றொன்று என்று அது இரண்டு ஓடுகளால் ஆனது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உயரமும், உள்ளே நிற்பவருக்கு அளவான கூரையும் ஒருசேரக் கிடைப்பது இந்த உத்தியால்தான். மூன்றாவது நிறம்: செம்மணற்கல் சுவரில் வெண்சலவைக்கல்லைக் கோடாகவும் கட்டமாகவும் பதித்து, நுழைவு வளைவின் இரு தோள்களிலும் ஆறு முனை நட்சத்திரத்தை அமைத்திருப்பார்கள். இந்த இரண்டு கற்களில் எது முந்துவது என்ற போட்டிதான் அடுத்த எண்பது ஆண்டுகளின் முகலாயக் கட்டடக்கலை என்றே சொல்லலாம்.

வாசலில் நுழைந்ததும் வலப்புறம் ஈசா கானின் எண்கோணக் கல்லறை இருக்கிறது. அது முகலாயருடையது அல்ல; ஹுமாயூனை நாட்டை விட்டே ஓடவைத்த சூர் வமிசத்துப் பிரபு ஒருவருடையது, 1547-ஐ ஒட்டி எழுந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த மரபு எது, முகலாயர் கொண்டுவந்து சேர்த்தது எது என்பது துலங்கும். 1857-இல் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜஃபர் ஆங்கிலேயரிடம் சரணடைந்ததும் ஹுமாயூன் கல்லறை வளாகத்தில்தான்.

ஃபதேபூர் சிக்ரியில் தண்ணீர் இல்லாததால் அக்பர் ஊரையே விட்டுவிட்டார் என்றும், ஜோதா பாய்க்குத் தனி அரண்மனை கட்டினார் என்றும் எங்கள் வழிகாட்டி சொன்னார். எல்லாம் உண்மையா? (கோயம்புத்தூர் வாசகர்)

பாதி உண்மை, பாதி கதை. பிள்ளையில்லாத அக்பர், சிக்ரியில் வாழ்ந்த சூஃபிப் பெரியவர் சலீம் சிஷ்டியிடம் ஆசி பெற்றதும், 1569-இல் பிறந்த மகனுக்குச் சலீம் என்றே பெயரிட்டதும் (பிற்காலத்து ஜஹாங்கீர் அவர்தான்), 1571-இல் அங்கே தலைநகர் எழுப்பத் தொடங்கியதும் வரலாறு. 1585-இல் அங்கு வந்த ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், ஆக்ராவும் ஃபதேபூரும் தனித்தனியே லண்டனைவிடப் பெரியவை என்று எழுதி வைத்தார்.

அதே 1585-இல் அக்பர் கிளம்பியதற்குத் தண்ணீர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. காபூலை ஆண்ட அவருடைய மாற்றாந்தாய் மகனான தம்பி மிர்சா ஹக்கீம் அந்த ஆண்டு இறந்தார். வடமேற்கு எல்லையைக் கையில் வைத்துக்கொள்ள அரசவை லாகூருக்கு நகர்ந்தது. அங்கேயே 1598 வரை இருந்தது. அங்கிருந்து திரும்பிய அக்பர் ஆக்ராவில் தங்கினாரே தவிர, சிக்ரிக்கு அரசவையைக் கொண்டுவரவில்லை. அந்த வறண்ட மேட்டில் தண்ணீருக்குச் சிரமம் இருந்தது மெய்தான் என்றாலும், 1619-இல் ஆக்ராவில் கொள்ளைநோய் பரவியபோது ஜஹாங்கீர் சில மாதங்கள் சிக்ரியிலேயே தங்கினார் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு பேரரசரின் பரிவாரம் தங்கியிருக்க முடியாது.

ஜோதா பாய் அரண்மனை என்பது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அக்பர் மணந்த ஆமேர் இளவரசி, ராஜா பார்மலின் மகள், அரசவையில் மரியம்-உஸ்-ஜமானி என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டார். ஜோத்பூரிலிருந்து வந்த மருமகள், அதாவது ஜஹாங்கீரின் மனைவி, வேறொருவர். அந்த அரண்மனை அரசகுலப் பெண்கள் வாழ்ந்த பகுதி என்பதில் ஐயமில்லை. 'பீர்பால் வீடு' என்று காட்டப்படுவதும் பெண்கள் பகுதியை ஒட்டியே இருப்பதால், ஓர் அமைச்சர் அங்கே குடியிருந்திருப்பார் என்று நம்புவது கடினம்.

வழிகாட்டி சொல்லும் கதைகளைக் கேளுங்கள், ரசியுங்கள். ஆனால் கதை கேட்கும் சுவாரசியத்தில் கட்டடத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். திவான்-இ-காஸ் என்று காட்டப்படும் சிறு மண்டபத்தின் நடுவில் ஒற்றைத் தூண் நிற்கிறது. கீழே சாதாரணமாகத் தொடங்கும் அது மேலே போகப் போக அடுக்கடுக்கான வளைந்த தாங்கிகளாக விரிந்து ஒரு வட்ட மேடையைத் தாங்குகிறது; அந்த மேடையிலிருந்து நான்கு மூலைகளுக்கும் கல்பாலங்கள் போகின்றன. குஜராத்தின் தச்சர்கள் மரத்தில் செய்துகொண்டிருந்த வேலையை இங்கே கல்லில் செய்திருக்கிறார்கள். பஞ்ச மகாலில் கீழ்த்தளத்தில் 84 தூண்கள். மேலே ஏற ஏறக் குறைந்து ஐந்தாம் தளத்தில் நான்கே தூண்கள்.

சிஷ்டியின் தர்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை; அரண்மனைப் பகுதிக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். தர்காவின் சலவைக்கல் சல்லடைத் திரைகளில் வேண்டுதல் நூல் கட்டுவது வழக்கம். அதற்கான நூலையும் போர்வையையும் விற்பவர்கள், தாமாக வந்து வழிகாட்டியாக ஒட்டிக்கொள்ளும் சிறுவர்கள் ஆகியோரிடம் முதலிலேயே உறுதியாக மறுத்துவிடுவது நல்லது. தர்கா வளாகத்தின் தென்புறம் 54 மீட்டர் உயரத்துக்கு எழும் புலந்த் தர்வாஜாவில் ஒரு பாரசீக வாசகம் செதுக்கப்பட்டிருக்கிறது: உலகம் ஒரு பாலம், அதைக் கடந்து செல், அதன்மேல் வீடு கட்டாதே என்று ஏசு சொன்னதாக. ஒரு முழு நகரத்தையே கட்டிவிட்டுப் போன பேரரசரின் வாசலில் இந்த வாசகம்!

ஆக்ரா கோட்டைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? (வேலூர் வாசகர்)

இரண்டு மணி நேரம் போதும். கோட்டையின் பெரும்பகுதி ராணுவத்தின் வசம் இருப்பதால், அமர்சிங் வாசல் வழியாக நுழைந்து பார்க்கக் கிடைப்பது ஒரு பகுதிதான். அக்பர் 1565-இல் தொடங்கிய செங்கல் நிறக் கோட்டைக்குள் ஷாஜகான் வந்து வெண்சலவைக்கல் மாளிகைகளைப் புகுத்தினார். ஜஹாங்கீரி மகாலின் சிவப்பிலிருந்து காஸ் மகாலின் வெள்ளைக்கு நீங்கள் நடந்து கடக்கும் தூரம் மிகக் குறைவு. 1658-இல் மகன் ஔரங்கசீப்பால் காவலில் வைக்கப்பட்ட ஷாஜகான், 1666-இல் இறக்கும்வரை மகள் ஜஹானாராவின் பராமரிப்பில் இங்கேதான் இருந்தார். முசம்மன் புர்ஜ் என்ற எண்கோண மாடத்திலிருந்து யமுனையின் வளைவையும் அதற்கப்பால் தாஜ்மகாலையும் காணலாம்.

தாஜ்மகாலை எப்படிப் பார்க்க வேண்டும்? பௌர்ணமி இரவில் பார்க்க முடியுமா? கட்டியவர்களின் கைகளை வெட்டினார்கள் என்பது உண்மையா? (பல வாசகர்கள்)

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கைகளை வெட்டியதற்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. தாஜ்மகாலோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் உஸ்தாத் அகமது லாகோரி, அதற்குப் பிறகு டெல்லிச் செங்கோட்டைப் பணியிலும் இருந்தார். அவருடைய மகன் அதாவுல்லா ஔரங்காபாத்தில் இன்னொரு கல்லறையைக் கட்டினார். குர்ஆன் வாசகங்களை எழுதிய அமானத் கான் உள்ளே தம் பெயரையே பொறித்திருக்கிறார். கையை இழக்கப்போகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை அல்ல அது. ஆற்றுக்கு அக்கரையில் ஷாஜகான் தமக்காகக் கறுப்புத் தாஜ்மகால் கட்டத் தொடங்கினார் என்பதும் பிரெஞ்சுப் பயணி தவெர்னியே எழுதிய ஒரு குறிப்பிலிருந்து வளர்ந்த கதை. அக்கரையிலுள்ள மெஹ்தாப் பாகில் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்தது தாஜ்மகாலின் நிழல் விழுவதற்கென்று அமைத்த எண்கோணக் குளம்தான்.

மும்தாஜ் இறந்தது ஆக்ராவில் அல்ல. 1631-இல், தக்காணப் படையெடுப்பின்போது புர்ஹான்பூரில், பதினான்காவது பிரசவத்தில் இறந்தார். அங்கேயே முதலில் அடக்கம் செய்யப்பட்டு, பல மாதங்கள் கழித்து ஆக்ராவுக்குக் கொண்டுவரப்பட்டார். ஆமேர் அரசர் ஜெய்சிங்கிடமிருந்து மாற்று மாளிகைகள் கொடுத்துப் பெற்ற நிலத்தில் 1632-இல் பணி தொடங்கியது. கல்லறைக் கட்டடம் 1643-ஐ ஒட்டியும், சுற்றுக் கட்டடங்கள் உட்பட முழு வளாகம் 1653-ஐ ஒட்டியும் நிறைவு பெற்றன. சலவைக்கல் ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்தது.

ஹுமாயூன் கல்லறையை முதலில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஒரு மாற்றத்தை உடனே கண்டுபிடிப்பார்கள்: தோட்டத்தின் நடுவில் இருக்க வேண்டிய கட்டடம் இங்கே தோட்டத்தின் கடைக்கோடிக்கு, ஆற்றங்கரைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அதனால் கவிகைக்குப் பின்னால் மரமோ வீடோ இல்லாமல் வானம் மட்டுமே தெரிகிறது. நுழைவு வளைவைச் சுற்றி ஓடும் கறுப்பு எழுத்துகள் அடியிலிருந்து முடிவரை ஒரே அளவாகத் தோன்றுவதற்காக, மேலே போகப் போகப் பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன. நான்கு மினார்களும் சற்று வெளிப்புறமாகச் சாய்ந்தவை. முழுக்க முழுக்கச் சமச்சீராக அமைந்த வளாகத்தில் அந்த ஒழுங்கைக் குலைப்பது ஒன்றே ஒன்று, ஷாஜகானின் கல்லறைப் பெட்டி. நடுவில் மும்தாஜ் இருக்க, அவர் பிற்பாடு பக்கத்தில் சேர்க்கப்பட்டார். பார்வைக்கு வைத்திருப்பவை வெற்றுப் பெட்டிகளே. உண்மையான சமாதிகள் கீழறையில் இருக்கின்றன.

உள்ளே கற்பதிப்பு வேலையை அருகில் நின்று பாருங்கள். உள்ளங்கை அளவான ஒரு பூவுக்குள் பத்துக்கணக்கான கல்துண்டுகள் இருக்கும்; ஓர் இதழின் கருஞ்சிவப்பு அடுத்த துண்டில் இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில் இணைப்பு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. தாஜ்கஞ்ச் பகுதிப் பட்டறைகளில் இந்த வேலை இன்றும் நடக்கிறது. சலவைக்கல்லின் மேல் செங்காவிச் சாயம் பூசி, அதன்மேல் ஊசிமுனையால் கோடு கீறினால் வெள்ளையாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குள் உளியால் பள்ளம் எடுத்து, ஒரு கையால் இழுத்துச் சுழற்றும் சாணைச் சக்கரத்தில் தீட்டிய கல்துண்டைப் பொருத்திப் பார்த்துப் பார்த்துப் பதிக்கிறார்கள். விற்பனைக் கூடத்தில் ஐந்து நிமிடம் காட்டும் செய்முறையைவிடப் பட்டறையில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கிடைத்தால், அதை விட்டுவிடாதீர்கள்.

கட்டணம் இந்தியருக்கு 50 ரூபாய். கல்லறைக் கட்டடத்தின் மேடைமீது ஏற இன்னும் 200 ரூபாய். பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே கதவு திறக்கிறது. நுழைவுச்சீட்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும். தின்பண்டம், தீப்பெட்டி, புகையிலை, முக்காலி எதையும் உள்ளே விடமாட்டார்கள். பௌர்ணமியும் அதற்கு முன்பின் இரண்டிரண்டு இரவுகளுமாக மாதத்தில் ஐந்து இரவுகள் பார்க்க அனுமதி உண்டு. வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் விலக்கு. இரவுக்கு ஐம்பது பேர் வீதம் எட்டுக் குழுக்களாக, ஒவ்வொரு குழுவுக்கும் அரை மணி நேரம் தருகிறார்கள். ஆனால் இரவில் கட்டடத்தின் அருகே போக முடியாது, தொலைவிலிருந்துதான் பார்க்கலாம். என்னைக் கேட்டால், அந்த அலைச்சலைவிட விடியற்காலை முதல் வரிசையில் நிற்பது மேல்.

தாஜ்மகால் மஞ்சளாகிறது என்று செய்திகளில் படிக்கிறோம். இப்போது பார்க்கும் நிலையில் இருக்கிறதா? (விருதுநகர் வாசகி)

இருக்கிறது. புகையும் தூசியும் சலவைக்கல்லின் மேல் படிவதுதான் மஞ்சளாவதற்குக் காரணம். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தாஜ்மகாலைச் சுற்றி 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பிலுள்ள தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம் பெயர வேண்டும் என்று ஆணையிட்டது. பெட்ரோல், டீசல் வண்டிகளும் வாசலுக்கு முன்பே நிறுத்தப்படுகின்றன. அங்கிருந்து மின்கல வண்டி. சுவரில் படிந்த கறையை எடுக்கத் தொல்லியல் துறை முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசி, காய்ந்தபின் நீரால் கழுவுகிறது. நம் வீட்டுப் பெண்கள் முகத்துக்குப் பூசும் அதே மண்தான்! நீங்கள் போகும் நேரத்தில் ஏதேனும் ஒரு பக்கம் சாரம் கட்டியிருந்தால், பூச்சு நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

எழுபது வயது தாயாருக்கு மூட்டுவலி. எந்த இடங்கள் அவருக்கு ஒத்துவரும்? (தஞ்சாவூர் வாசகர்)

தாஜ்மகாலில் மின்கல வண்டியும் சக்கர நாற்காலியும் கிடைக்கும். தோட்டம்வரை சிரமமில்லை, மேடைப்படி மட்டும் அவர் விருப்பம். ஆக்ரா கோட்டையில் நீண்ட ஏற்றச் சரிவு ஒன்று உண்டு, மெதுவாக ஏறலாம். ஹுமாயூன் கல்லறையின் மேடைப்படிகள் செங்குத்தானவை. கீழே தோட்டத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறைவாகவே இருக்கும். சிக்ரியில் புலந்த் தர்வாஜாவின் படிக்கட்டைத் தவிர்த்து, கிழக்கிலுள்ள பாதுஷாஹி தர்வாஜா வழியாக உள்ளே போங்கள். தர்காவிலும் ஜமா மசூதியிலும் செருப்பைக் கழற்ற வேண்டும், வெயிலில் கல்தரை கொதிக்கும்; அனைவருக்கும் ஒரு ஜோடி கனத்த காலுறை எடுத்துச் செல்லுங்கள்.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? சலவைக்கல் பொருள் வாங்கலாமா? (திருச்சி வாசகி)

அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகளிடம் படத்துடன் கூடிய அடையாள அட்டை இருக்கும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். தமிழ் பேசும் வழிகாட்டிகள் கிடைப்பது அரிது என்பதால், ஆங்கிலமோ இந்தியோ எது உங்களுக்கு எளிதோ அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டணத்தைப் பேசும்போதே, 'கடைக்குப் போக வேண்டாம்' என்பதையும் பேசி முடித்துவிட வேண்டும். நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் பங்கு உண்டு என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு; அந்தப் பங்கையும் சேர்த்துத்தான் விலை சொல்லப்படுகிறது.

மலிவாகக் கிடைக்கும் குட்டித் தாஜ்மகால்களும் சோப்புப் பெட்டிகளும் பெரும்பாலும் மாக்கல்லில் செய்தவை. சாவியின் முனையால் அடிப்புறத்தில் லேசாகக் கீறினால் மாக்கல்லில் மாவு உதிரும், சலவைக்கல்லில் உதிராது. மாக்கல் வாங்குவதில் தவறில்லை. சலவைக்கல் விலை கொடுப்பதில்தான் தவறு. ஆக்ராவிலிருந்து கொண்டுவர ஏற்றது பேட்டா. வெண்பூசணியைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சர்க்கரைப் பாகில் வேகவைத்த இனிப்பு அது. உலர்ந்த வகையை வாங்கினால் ரயில் பயணத்தில் ஒழுகாது.

டெல்லிச் செங்கோட்டை எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லையே? (புதுச்சேரி வாசகர்)

ஒன்றுமில்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. ஷாஜகான் 1639-இல் தொடங்கி 1648-இல் குடிபுகுந்த அந்த அரண்மனையின் மயிலாசனத்தை 1739-இல் பாரசீக அரசர் நாதிர்ஷா எடுத்துச் சென்றார். 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் உள்மாளிகைகளின் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படை வீரர்களுக்கான நீண்ட குடியிருப்புகளைக் கட்டினார்கள். நீங்கள் பார்த்த பரந்த புல்வெளிகள் எல்லாம் ஒரு காலத்தில் முற்றங்களும் மாடங்களுமாக இருந்தவை. ரங் மகாலின் நடுவே தரையில் ஓடும் ஆழமற்ற சலவைக்கல் வாய்க்காலைத் தேடிப் பாருங்கள். யமுனையின் நீர் அந்த வாய்க்கால் வழியாக ஒரு மாளிகையிலிருந்து அடுத்த மாளிகைக்கு ஓடியது. அந்தக் கோட்டைக்குள்தான் 1858-இல் பகதூர் ஷா ஜஃபரை விசாரித்து ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1945-இல் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகளின் வழக்கும் அங்கேதான் நடந்தது. மலாயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்த படை அது என்பதால், நம்மவர்கள் அந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது.

லாகூரைப் பார்க்காமல் முகலாயக் கட்டடக்கலை முழுமையாகாது என்கிறார்களே? (சென்னை வாசகர்)

உண்மைதான். ஷாலிமார் தோட்டம், வஜீர் கான் பள்ளிவாசலின் வண்ண ஓட்டு வேலைப்பாடு, ஜஹாங்கீரின் கல்லறை, ஔரங்கசீப் காலத்துப் பாதுஷாஹி பள்ளிவாசல் ஆகியவை அங்கே இருக்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டில் சுற்றுலாவாகப் போய்வரும் நிலை இன்று இல்லை.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தெற்கே எதைப் பார்க்கலாம்? தமிழ்நாட்டில் முகலாயர் தொடர்புடைய இடம் உண்டா? (திருவண்ணாமலை வாசகர்)

மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத்துக்குப் போகலாம். 2023 முதல் அதன் பெயர் சத்ரபதி சம்பாஜிநகர். ஔரங்கசீப்பின் மனைவி தில்ரஸ் பானுவுக்காக எழுந்து, அவருடைய மகன் ஆசம் ஷாவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பீபி கா மக்பரா என்ற கல்லறை அங்கே இருக்கிறது. செலவு சுமார் 6.68 லட்சம் ரூபாய் என்று பழைய பதிவு சொல்கிறது. அந்தச் சிக்கனத்தைச் சுவரிலேயே பார்க்கலாம்: அடிப்பகுதிக்கும் கவிகைக்கும் சலவைக்கல், மற்றதெல்லாம் கருங்கல்மேல் சுண்ணாம்புப் பூச்சு. எளிய தாஜ்மகால் என்று கேலி செய்வார்கள். பூச்சில் செய்திருக்கும் கொடி வேலைப்பாட்டை அருகே நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். எல்லோராவுக்குப் போகும் வழியில் குல்தாபாத்தில் ஔரங்கசீப்பின் சமாதி இருக்கிறது. மேலே கூரையில்லாத மண் சமாதி அது.

தமிழ்நாட்டுக்குள் என்றால், உங்கள் ஊருக்குப் பக்கத்துச் செஞ்சியே போதும். மராத்தியர் ராஜாராம் அங்கே அடைக்கலம் புகுந்ததால், ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-இல் முற்றுகையிட்டு, 1698-இல்தான் கோட்டையைப் பிடித்தார். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். அதன் தொடர்ச்சியாக வந்த ஆர்க்காட்டு நவாபுகளில் ஒருவரான சாதத்துல்லா கானை எதிர்த்து 1714-இல் போரிட்டு மாண்ட தேஜ்சிங்கைத்தான் நாம் தேசிங்கு ராஜா என்கிறோம். சாதத்துல்லா கான் பெயரிலான பள்ளிவாசல், 1717-ஐ ஒட்டி எழுந்தது, ராஜகிரியின் அடிவாரத்திலேயே இருக்கிறது. கோட்டை 2025-இல் மராத்தியர் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம் பெற்றிருப்பதால் இப்போது கூட்டம் கூடியிருக்கிறது. திண்டிவனம்–திருவண்ணாமலை பேருந்துகள் எல்லாம் செஞ்சியில் நிற்கும். பள்ளிவாசலையும் கல்யாண மகாலையும் வெயிலிலும் பார்த்துவிடலாம். ராஜகிரி உச்சிக்கு ஏறுவதாக இருந்தால், கதவு திறந்ததும் ஏறத் தொடங்கிவிடுங்கள், போதுமான தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், குரங்குகள் பிடுங்காதபடி பையை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.